பச்சை வாசனை போய்விட்டதா?

மாயவரம் பக்கம் 31 வருஷமாகக் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவன் நான். எங்கள் வேலையில் ருசி பார்க்கிற பழக்கம் கிடையாது. சொன்னால் பலர் நம்புவதில்லை. அப்பா காலத்திலிருந்து வந்த கட்டு அது. சாமிக்கு இலை போடும் முன்னால் சமைத்த எதையும் வாயில் வைக்கக் கூடாது. 500 பேருக்குச் சாம்பார் கொதித்தாலும் உப்பைக் கையளவில் போட்டுவிட்டு, மீதி எல்லாவற்றையும் மூக்கால்தான் பார்க்க வேண்டும். மூடியைத் தள்ளி, வருகிற ஆவியை உள்ளங்கையால் முகத்துப் பக்கம் வாரி இழுத்தால் போதும். புளி கொதித்ததா, பருப்பு சேர்ந்ததா, காயம் தூக்கலா எல்லாம் தெரியும். உப்பு குறைச்சல் என்பதைக்கூட அப்படியே சொல்லிவிடுவேன். உப்புக்கு ஏதய்யா வாசனை என்று பின்னால் ஒரு டாக்டர் சிரித்தார். இருக்கட்டும், நான் சொன்னது தப்பியதில்லை.

அந்த மூக்குதான் போனது. ஒரே நாளில் போகவில்லை. 2017 வாக்கில் வெண்ணெய் உருக்கும்போது முதலில் தட்டுப்பட்டது. சடசடப்பு அடங்குகிற நேரத்தில் புளித்த வாடை விலகி நெய் மணம் எழும். அந்த ஒரு நொடியில் அடுப்பை அணைக்க வேண்டும். அன்று அந்த நொடி வரவே இல்லை. நிறத்தைப் பார்த்துத்தான் இறக்கினேன், கொஞ்சம் சிவந்துவிட்டது. வெண்ணெய் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன். அப்புறம் பெருங்காயம் மட்டம் என்று கடையை மாற்றினேன், காபிப்பொடியையும் மாற்றினேன். ஒன்றரை வருஷம் ஊரில் உள்ள சரக்கெல்லாம் கெட்டுவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தேனே தவிர, என் மேல் சந்தேகமே வரவில்லை. மெல்லப் போகிற வாசனை இப்படித்தான் ஏமாற்றும். கண் மங்கினால் தெரியும், காது மந்தமானால் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். மூக்கு போனால் போனவனுக்கும் தெரியாது, பக்கத்தில் இருப்பவனுக்கும் தெரியாது.

2019 ஆவணியில் ஒரு பெரிய முகூர்த்தம். 40 லிட்டர் பால் பாயசம். உருளியில் பால் சுண்டிக்கொண்டிருக்கும்போது என் கையாள் பையன் பக்கத்தில் வந்து, “அண்ணே, பால் கொஞ்சம் அடிப்பிடிச்ச மாதிரி இருக்குண்ணே” என்றான். நான் ஆவியை வாரி இழுத்தேன். ஒன்றுமே இல்லை. வெறும் சூடு. “எனக்குத் தெரியாதாடா? போய் இலையை எண்ணு” என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அவனும் மாஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போய்விட்டான். முதல் பந்தியிலேயே பெண்ணின் மாமா கையில் கிண்ணத்தோடு சமையல்கட்டுக்கு வந்தார். “மாஸ்டர், நீங்களே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க.” குடித்தேன். எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது. “நல்லாத்தானே இருக்கு” என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. திமிரில் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். பாக்கிப் பணம் 70,000 வரவில்லை. கேட்கப் போகவும் எனக்கு வாய் இல்லை. உருளியைக் கழுவியவர்கள் கரண்டியால் சுரண்டியபோது, ரொட்டி மாதிரி கறுப்பாக ஒரு வட்டம் பெயர்ந்து வந்ததை மட்டும் பார்த்தேன்.

அன்றைக்கு ராத்திரிதான் வீட்டில் தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தேன். ஏலக்காய், பச்சைக் கற்பூரம், வெந்தயம், ரசப்பொடி. ஒன்றும் வரவில்லை. வீட்டில்கூட யாரிடமும் சொல்லவில்லை. வாசனை தெரியாத சமையல்காரன் என்று ஒருமுறை பேர் கிளம்பிவிட்டால் அப்புறம் யார் அட்வான்ஸ் கொடுப்பார்கள்? அந்தப் பயத்தில் மூன்று வருஷம் மறைத்தேன். வைத்தியத்துக்குப் போனதும் தனியாகத்தான். ஐப்பசியில் கும்பகோணத்தில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவமனை. குழாய் விட்டுப் பார்த்தார்கள், சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே மூன்று மாதம், துத்தநாக மாத்திரை. இதற்கே 11,000 ஆனது. அப்புறம் மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது, நேராக்கினால் சரியாகலாம் என்றார்கள். 2020 ஜனவரியில் ஆபரேஷன், 48,000. மூச்சு நன்றாக விட முடிந்தது. வாசனை வரவில்லை. “ஆகலாம்” என்கிற வார்த்தையை நான்தான் “ஆகும்” என்று கேட்டுக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனது தப்பில்லை, முதலில் போக வேண்டிய இடம் அதுதான். வாசனை போவதற்குச் சளி, மூக்கில் சதை, வைரஸ் காய்ச்சல், தலையில் அடி, வயசு என்று பல காரணங்கள் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இதில் ஒன்றாகத்தான் இருக்கும். தப்பு எங்கே என்றால், மூக்கில் அடைப்பு இல்லை, சளி இல்லை, காய்ச்சல் வந்ததில்லை என்றான பிறகும் நான் மூக்கையே வைத்துக்கொண்டு சுற்றினேன். “மூக்கு நன்றாக இருந்தால் வேறு எதனால் இப்படி ஆகும் டாக்டர்?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் பணமும் மிச்சம், வருஷமும் மிச்சம். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன், இது எதற்காக, மூச்சுக்கா வாசனைக்கா என்று பிரித்துக் கேளுங்கள்.

அப்புறம் கொரோனா வந்தது. கல்யாணங்கள் நின்றுபோயின, வருமானம் நின்றது. ஆனால் வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. ஊரே வாசனை தெரியவில்லை என்கிறது. நானும் தைரியமாகச் சொன்னேன், “எனக்கும்தான், கொரோனா போலிருக்கு” என்று. இரண்டு முறை டெஸ்ட் எடுத்தேன், இரண்டிலும் இல்லை என்றே வந்தது. ஆனாலும் அந்தப் பொய் வசதியாக இருந்தது. மற்றவர்களுக்கு மெல்ல மெல்லத் திரும்பியது, எனக்குத் திரும்பவில்லை. கேட்டவர்களிடம் ஒரு வைத்தியர் பேரைத் தெரிந்துகொண்டு, 21 நாள் மூக்கில் எண்ணெய் விடுகிற சிகிச்சைக்கு 14,000 கொடுத்தேன். தூக்கம் நன்றாக வந்தது, அவ்வளவுதான்.

2021-இல் நடந்ததை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. மகளுக்குப் பிரசவம் என்று வீட்டுக்காரி போயிருந்தாள். நான் மட்டும். பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் திண்ணையில் போனில் பேசிக்கொண்டிருந்தேன். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது, கேஸ் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. நான் உள்ளே வந்தேன், பால் வழிந்ததைப் பார்த்தேன், துணியால் துடைத்தேன். துடைத்துவிட்டு லைட்டர் எடுக்கக் கை நீட்டினேன். அந்த நேரம் பக்கத்து வீட்டு அக்கா வாசலிலிருந்து, “தம்பி, கேஸ் நாத்தம் தெரு வரைக்கும் அடிக்குது, என்ன பண்றே உள்ளே?” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். அவர் வராவிட்டால் இதை எழுத நான் இல்லை. சமையல் கேஸுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டான் என்ற நாற்றமடிக்கிற பொருளைக் கலக்கிறார்கள். மூக்கு இல்லாதவனுக்கு அந்த ஏற்பாடு செல்லாது. மறுநாளே கேஸ் கசிவு அலாரம் ஒன்று வாங்கி மாட்டினேன். கடைப் பையன் அதை உயரத்தில் மாட்டப் பார்த்தான், நான் தடுத்துத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் மாட்டச் சொன்னேன். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். அலாரம் அடித்தால் சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கான அவசர எண் அது. அலாரம் மாட்டுவதை வாசனை தெரியாத ஒவ்வொருவர் வீட்டிலும், முக்கியமாகத் தனியாக இருக்கும் வயசானவர்கள் வீட்டில், இன்றைக்கே செய்துவிட வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த வருஷக் கடைசியில் வலது தோளில் பிடிப்பு. கரண்டி பிடித்த தோள், வலிக்கத்தானே செய்யும் என்று பிசியோதெரபிக்கு 9,000 செலவு. மளிகை லிஸ்ட் எழுதும்போது எழுத்து போகப் போகச் சிறுத்தது. முதல் வரியில் ‘துவரம் பருப்பு’ கொட்டை எழுத்தில் இருக்கும், 20-ஆவது வரியில் ‘முந்திரி’ எறும்பு ஊர்ந்த மாதிரி. கடைக்காரர் போன் போட்டுக் கேட்பார். நடக்கும்போது வலது கை வீசவில்லை என்று வீட்டுக்காரிதான் கவனித்தாள். 2022 பங்குனியில் அவளே பிடிவாதமாகத் தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

அவர் விரலைத் தட்டச் சொன்னார், எழுதச் சொன்னார், நடக்கச் சொன்னார். அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒரு கேள்வி: “வாசனை எல்லாம் தெரியுதா?” வீட்டுக்காரி பக்கத்தில் இருக்கிறாள். நான் பேசவில்லை. அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னச் சீசாவை எடுத்து, கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் காட்டினார். என்ன என்றார். காற்று என்றேன். கண்ணைத் திறந்தால், காபிப்பொடி. வீட்டுக்காரி என்னையே பார்த்தாள். “எத்தனை வருஷமா?” என்று டாக்டர் கேட்டார். அஞ்சு வருஷம் என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. நோயை நினைத்து இல்லை, அப்போது நோய் பேரே தெரியாது. சொல்லிவிட்டோமே என்றுதான். மலச்சிக்கல் உண்டா, தூக்கத்தில் கத்துவது உதைப்பது உண்டா என்று அடுத்து கேட்டார். அதற்கு அவளே பதில் சொன்னாள்: “பத்து வருஷமா ராத்திரியில யாரையோ அடிக்கிறார் டாக்டர். சமையல்கட்டு டென்ஷன்னு நினைச்சேன்.”

பார்க்கின்சன் நோய். மூளை நரம்புகள் பழுதாகி உடம்பின் அசைவு மெதுவாகிற நோய் அது. கை நடுக்கம்தான் அந்த நோய் என்று நினைத்திருந்தேன். எனக்கு நடுக்கமே இல்லை. ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் டாக்டர் 1817-இல் இதைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதியபோது, புலன்களுக்கும் புத்திக்கும் பழுதில்லை என்றே எழுதினாராம். அவருக்குத் தட்டுப்படாதது எனக்குத் தட்டுப்படவில்லை என்று ஆறுதல்பட்டுக்கொண்டேன். இப்போது தெரிந்திருப்பது வேறு. இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வாசனை குறைந்திருக்கும். அதில் பலருக்குப் பரிசோதித்துக் காட்டும் வரை குறைந்ததே தெரியாது. கை விறைப்பதற்குப் பல வருஷம் முன்னாலேயே அது ஆரம்பித்திருக்கும். ஹைகோ பிராக் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 2003-இல் சொன்ன கருத்துப்படி, ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் திரளுவது பலருக்கு மூளையின் வாசனைப் பகுதியிலும், குடலோடு தொடர்புள்ள நரம்பின் வேர்ப்பகுதியிலும்தான் தொடங்குகிறது. அதனால்தான் அந்த மூன்று கேள்விகள். வாசனை மட்டும் போனால் பார்க்கின்சன் என்று பயந்து ஓடாதீர்கள். ஆனால் காரணம் தெரியாமல் வாசனை போய், கூடவே மலச்சிக்கல், தூக்கத்தில் கனவோடு கை கால் உதறல், எழுத்து சிறுத்தல், ஒரு பக்கக் கை வீசாமை என்று ஒன்றிரண்டு சேர்ந்தால், எல்லாவற்றையும் ஒரே டாக்டரிடம் ஒரே தாளில் எழுதிக் கொண்டு போங்கள். நான் மூக்கை ஒருவரிடமும் தோளை ஒருவரிடமும் காட்டினேன். வயிற்றுக்கு நானே கடுக்காய்ப் பொடி தின்றேன்.

சரி, நாக்குக்கு வருகிறேன். வாசனை போனால் ருசியும் போய்விடும் என்று சொல்வார்கள். முழுக்கச் சரியில்லை. நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் காளான், தக்காளி மாதிரி பண்டங்களில் இருக்கிற உமாமி என்கிற ஒன்று. அவ்வளவுதான். மற்றதெல்லாம் மெல்லும்போது தொண்டை வழியாக மூக்குக்குப் போகிற மணம். மூக்கை இறுக்கிப் பொத்திக்கொண்டு ஒரு வாய் காபி குடித்துப் பாருங்கள். கசப்பும் இனிப்புமான வெந்நீர். எனக்கு எல்லாக் காபியும் அதுதான். மிளகின் காரமும் இஞ்சியின் எரிப்பும் வேறு நரம்பு வழியாகப் போகிறவை, அவை எனக்கு இன்னும் தெரிகின்றன. மைசூர் ரசம் என்னிடம் செத்துவிட்டது, மிளகு ரசம் பிழைத்திருக்கிறது. இது தெரியாத காலத்தில் எல்லாவற்றுக்கும் உப்பை அள்ளிப் போட்டேன், ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்கவில்லை. இரத்த அழுத்தம் ஏறியது. அதே சமயம் 71 கிலோவிலிருந்து 62 கிலோவுக்கு இறங்கினேன். பசித்தால்தானே சாப்பிடத் தோன்றும், சமையல்கட்டு மணம் இல்லாமல் பசியே வருவதில்லை. இப்போது மணிக்குச் சாப்பிடுகிறேன், பசிக்கு இல்லை. உப்புக்குப் பதில் எலுமிச்சை, மிளகு, சுக்கு. குழைந்த சாதத்தோடு நொறுங்குகிற அப்பளம், சூட்டோடு குளிர்ந்த தயிர்ப் பச்சடி. வாய்க்கு ஏதாவது ஒன்று நடக்க வேண்டும். பழையது, மாவு, பால் எதுவாக இருந்தாலும் டப்பா மேல் தேதி எழுதி ஒட்டுகிறோம். முகர்ந்து பார்த்துக் கெட்டதா என்று சொல்வது வீட்டுக்காரியின் வேலை.

இந்த நோய்க்குத் தரும் லீவோடோபா மாத்திரை போட்டதும் ஒரு மாதத்தில் தோள் தளர்ந்தது, எழுத்து பெரிதானது. வாசனையை அது தொடாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார், அப்படியே ஆனது. ஒன்று மட்டும் நானே பட்டுத் தெரிந்துகொண்டேன்: மாத்திரையைச் சாம்பாரும் தயிருமாகச் சாப்பிடும் நேரத்தில் போட்டால் பிடிப்பதில்லை. புரதமும் அந்த மருந்தும் உடம்புக்குள் போக ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன. சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போடுகிறேன். ஆரம்பத்தில் வெறும் வயிற்றில் குமட்டும், டாக்டரைக் கேட்டுத்தான் நேரத்தை மாற்ற வேண்டும். பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லீவோடோபா இருக்கிறது என்பது உண்மைதான். அதற்காக மாத்திரையோடு சேர்த்துத் தானாகத் தின்றால் அளவு எகிறிவிடும். எனக்கும் ஒருவர் பொடி கொண்டுவந்து கொடுத்தார், டாக்டரிடம் காட்டினேன், வேண்டாம் என்றார்.

வாசனைப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு, இந்த நான்கையும் காலையும் மாலையும் சில விநாடிகள் கவனமாக முகர வேண்டும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து டாக்டர்கள் பிரபலப்படுத்தியது, பார்க்கின்சன் நோயாளிகளிடமும் செய்து பார்த்து ஓரளவு பலன் கண்டிருக்கிறார்கள். செலவில்லை என்பதால் பன்னீர், தைலம், எலுமிச்சைத் தோல், கிராம்பு வைத்து ஐந்து மாதம் விடாமல் செய்தேன். கிராம்பு சில நாள் எங்கோ தூரத்தில் தெரிகிற மாதிரி இருக்கிறது. நிஜமா, 31 வருஷ ஞாபகமா, சொல்லத் தெரியவில்லை. இதற்கு நடுவில் ராத்திரி திடீரென்று கருகல் வாடை அடித்து எழுந்து ஓடுவேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது. இல்லாத வாசனை வருவதும் இந்த நோயில் உண்டாம். அத்தனை வாசனையும் போய், கருகல் மட்டும் திரும்பி வந்திருக்கிறது.

ஸ்காட்லாந்தில் ஜாய் மில்ன் என்ற ஓய்வுபெற்ற நர்ஸ், தன் கணவர் உடம்பில் ஒரு புது வாடையை, நோய் கண்டுபிடிப்பதற்குப் பல வருஷம் முன்னாலேயே உணர்ந்தாராம். சட்டையை முகர்ந்தே பார்க்கின்சன் யாருக்கு என்று சொன்னார், அதை வைத்து மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தோல் எண்ணெயை ஆராய்கிறார்கள். வீட்டுக்காரியிடம் சொன்னேன். “எனக்கு உங்க மேல எப்பவும் பெருங்காய வாசனைதான் வந்துது” என்றாள்.

கணக்குப் பார்த்தால் பாயசத்தோடு சேர்த்து 1,52,000 போயிருக்கிறது. அதைவிடப் பெரிது, அந்தப் பையனிடம் மூன்று வருஷம் உண்மையைச் சொல்லாதது. நோய் தெரிந்த வாரமே அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். “எனக்கு அன்னிக்கே தெரியும்ணே” என்றான். நாங்கள் சமைப்பதே வாசனைக் கணக்கில்தான். ‘பச்சை வாசனை போகக் கொதிக்கட்டும்’ என்று சொல்லிச் சொல்லியே அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன். இப்போது நான் நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரம், நுரை, சத்தம் இவற்றை வைத்துச் சொல்கிறேன், அவன் மூடியைத் திறந்து போய்விட்டதா இல்லையா என்கிறான். அட்வான்ஸ் வாங்கும்போதே எனக்கு வாசனை தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். இதுவரை இரண்டு பேர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள், “அந்தத் தம்பி வருவாருல்ல?” என்று கேட்டுவிட்டு வெற்றிலைத் தட்டை நீட்டினார்கள்.

போன தையில் ஒரு கல்யாணம். 30 லிட்டர் பாயசம். இறக்கும்போது, “அண்ணே, அடிப்பிடிக்கலை, நல்ல மணம்” என்றான். சரி என்றேன். அவன் இலை போடப் போனதும் எழுந்து போய், நீளக் கரண்டியை உருளியின் அடிவரை விட்டு ஒருமுறை சுரண்டிப் பார்த்தேன்.